ராத்திரி பதினொன்றரை மணிப் பசி!

ராத்திரி பதினொன்றரை மணி. எல்லோரும் படுத்தாயிற்று. சமையலறையில் 'டப்'பென்று ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்கிற சரசரப்பு... உங்கள் வீட்டில் கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருப்பீர்கள். "எட்டரைக்குத் தட்டு வெச்சப்போ பசியில்லைன்னு எழுந்து போனான். இப்ப மட்டும் எங்கேர்ந்து வருது பசி?" என்று முணுமுணுத்தபடி திரும்பிப் படுத்திருப்பீர்கள். காலையில் அதை வைத்து அம்மா ஒரு பாட்டு, அப்பா ஒரு பாட்டு. பிள்ளை வாயே திறக்காமல் பையை மாட்டிக்கொண்டு, டிபனும் சாப்பிடாமல் கிளம்பியிருக்கும். அன்றைக்கு ராத்திரியும் ஃபிரிட்ஜ் கதவு திறந்திருக்கும்!

உங்கள் கேள்வி நியாயமான கேள்விதான். எங்கிருந்துதான் வருகிறது அந்தப் பசி?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், அடுக்கம்பாறையைத் தாண்டினால் கணியம்பாடி. இங்கேதான் நான் சித்த வைத்தியம் பார்க்கிறேன். "வயித்துக்கு ஏதாவது மருந்து கொடுங்க சார்" என்று பெற்றோர் அழைத்து வருகிற பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளில் நிஜமாகவே உடம்பில் கோளாறு உள்ளவர்கள் உண்டு. வயிற்றில் பூச்சி இருக்கும், புண் இருக்கும், இரத்தசோகை இருக்கும், தைராய்டு இருக்கும். அதை முதலில் பார்த்துவிட வேண்டும். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆன பிறகும் மிச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் இப்போது பேசப் போகிறேன்.

கிராமத்துப் பிள்ளைக்குமா?

"அதெல்லாம் மெட்ராஸ், பெங்களூர் பசங்களுக்கு வர்ற பிரச்னை சார். களி தின்னு வளர்ற நம்ம பிள்ளைங்களுக்கு ஏது மனசுக் கோளாறு?" என்று கேட்கிறவர்கள் இங்கே நிறைய பேர்.

சரி, கணக்கைப் பார்ப்போம். கணியம்பாடி ஒன்றியத்தைப் போல மருத்துவர்கள் வீடு வீடாகப் போய்ப் பதிவேடு வைத்திருக்கிற கிராமப்புறம் நம் நாட்டில் அதிகம் கிடையாது. வேலூர் சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவப் பிரிவு பல பத்தாண்டுகளாக இந்தக் கிராமங்களில் வேலை செய்கிறது. வேலூர் நகரத்திலும் இங்கேயுள்ள கிராமங்களிலும் 1991-94-ல் எடுத்த கணக்கை 2010-12-ல் திரும்ப எடுத்தார்கள். நகரத்தில் சர்க்கரை நோய் இரண்டு மடங்காகியிருந்தது. கிராமத்தில்? மூன்று மடங்கு! கூடவே உடல் எடையும் ஏறியிருந்தது. அந்தக் கணக்கில் வந்தவர்கள் முப்பது வயதைத் தாண்டியவர்கள். ஆனால் முப்பத்தைந்தில் வருகிற சர்க்கரைக்கு விதை எந்த வயதில் விழுகிறது என்று நினைக்கிறீர்கள்?

மொத்தத் தமிழ்நாட்டையும் எடுத்துக்கொண்டால், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 31 பேர்தான். வேடிக்கை என்னவென்றால், அதே பெண்களில் 53 பேருக்கு இரத்தசோகை! உடம்பு பெருத்திருக்கிறது, இரத்தம் வற்றியிருக்கிறது. சாப்பாடு குறையவில்லை, சாப்பிடுகிற விதம்தான் கெட்டிருக்கிறது.

மனசுக் கணக்கும் உண்டு. சொல்லவே சங்கடமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1992 முதல் 2001 வரை இதே ஒன்றியத்தில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் மரணங்களை சி.எம்.சி. மருத்துவர்கள் ஆராய்ந்து, 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். தற்கொலை அவ்வளவு அதிகம். அதிலும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளிடம் இரண்டு மடங்குக்கும் மேல். "நம்ம பிள்ளைங்களுக்கு ஏது மனசுக் கோளாறு" என்று இனிமேலும் கேட்பீர்களா?

பதினான்கில் ஒன்று பசி

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த பட்டியல் ஒன்று உண்டு. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, இருமல், இளைப்பு, நித்திரை, வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம்.

பட்டியலை இன்னொரு தரம் படியுங்கள். பசி, தாகம், தூக்கம் எல்லாம் சரி. அதற்கு நடுவில் 'கண்ணீர்' எங்கே வந்தது? அழுகை என்பது மனசு சம்பந்தப்பட்டதாயிற்றே!

அங்கேதான் நம் பெரியவர்களின் சூட்சுமம் இருக்கிறது. உடம்பு வேறு, மனசு வேறு என்று அவர்கள் கோடு போடவில்லை. கண்ணீரை அடக்கினால் கண்ணோயும் பீனிசமும் வரும் என்றதோடு நிறுத்தாமல், குன்மமும் வரும் என்றார்கள். குன்மம் என்றால் வயிற்று நோய். அழுகையை முழுங்கினால் அது போய்ச் சேருகிற இடம் வயிறு!

இந்தப் பட்டியலை நான் பரீட்சை முடிந்ததும் மூட்டை கட்டி வைக்கவில்லை. "கண்டதைத் தின்கிறான்", "சாப்பிடவே மாட்டேங்கறா" என்று ஒரு பிள்ளையை அழைத்து வந்தால், நாடி பார்த்த கையோடு இதைத்தான் மனசுக்குள் ஓட்டுகிறேன். இந்தப் பிள்ளை எதை அடக்குகிறது? பசியையா, தூக்கத்தையா, கண்ணீரையா? பெரும்பாலும் மூன்றில் ஒன்று அகப்பட்டுவிடும். சில பிள்ளைகளிடம் மூன்றுமே.

ஷூ கம்பெனிப் பெண்

தோல் தொழில் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும். ஷூ தைக்கிற வேலையில் பெரும்பாலும் பெண்கள். விடிந்தும் விடியாததுமாகக் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

அப்படி வேலைக்குப் போகிற ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தார். வயது இருபத்தொன்று. "வீட்டுச் சோறு ஒரு வாய் தொட மாட்டேங்கறா சார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு எறங்கறப்பவே கையில பொட்டலம். சில்லி சிக்கன், பஜ்ஜி, பப்ஸ்... சம்பளத்துல பாதி வாய்க்கே போவுது. ஆயா வேற திட்டுது, நாக்கை அடக்கத் தெரியாதவள்னு."

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு நாளைக்கு என்னென்ன நடக்கிறது என்று மட்டும் அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"காலைல ஆறரைக்கு பஸ் சார். ஒரு டம்ளர் டீ. மத்தியானம் சாப்பாட்டு நேரம் அரை மணி. லைன்ல நின்னு உட்கார்றதுக்குள்ள பத்து நிமிஷம் போயிடும். டார்கெட் பாக்கி இருந்தா சாப்பாடே இறங்காது. தண்ணி அதிகம் குடிக்க மாட்டேன். அடிக்கடி எழுந்து பாத்ரூம் போனா சூப்பர்வைசர் ஒரு மாதிரி பார்ப்பாரு. எல்லார் முன்னாடியும் கேட்பாரு. அழுகை வரும். ஆனா அங்க அழ முடியுமா?"

பார்த்தீர்களா! பசி, தாகம், சிறுநீர், கண்ணீர்... பதினான்கில் நான்கைக் காலை ஆறரையிலிருந்து சாயங்காலம் ஆறரை வரை அடக்கி வைத்திருக்கிறாள் இந்தப் பெண். நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று ஆயா சொன்னாரே, இவளைப் போல அடக்கத் தெரிந்தவள் யார்?

பன்னிரண்டு மணி நேரம் காய்ந்த உடம்பு எதைத் தேடும்? ரசம் சாதத்தையா? கொழுப்பும் உப்பும் இனிப்பும் கொண்ட, கடித்த அடுத்த நிமிஷமே ஆறுதல் தருகிற பொருளைத்தான் தேடும். அது நாக்கின் திமிர் இல்லை. பசியோடு மன உளைச்சலும் சேர்ந்தால் மூளை அப்படித்தான் கேட்கும். போதாததற்கு, பாக்கெட் தீனிகள் நம்மை அதிகம் சாப்பிட வைக்கிற குணமுள்ளவை. 2019-ல் அமெரிக்காவில் இருபது பேரை ஆராய்ச்சிக்கூடத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான பதார்த்தம், இரண்டு வாரம் சாதாரணச் சமையல் என்று கொடுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அனுமதி. ஆலைப் பதார்த்தம் கொடுத்த நாட்களில் ஆளுக்கு தினம் சுமார் 500 கலோரி அதிகமாக உள்ளே போயிருந்தது. வயிறு காய்ந்து, மனசும் நொந்து வருகிற பிள்ளையின் கையில் அதையே கொடுத்தால் கேட்கவா வேண்டும்?

இந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த முதல் மருந்து என்ன தெரியுமா? கேழ்வரகுக் கஞ்சி! ராத்திரியே காய்ச்சி வைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, பஸ்ஸுக்கு நிற்கும்போதே குடித்துவிடலாம். சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் பிரித்துச் சாப்பிட ஒரு சின்ன டப்பாவில் அவித்த மல்லாட்டை. இந்தப் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். கடைக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்: "வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தைப் பார்க்காதீங்க. அவ முகத்தைப் பாருங்க. இன்னிக்கு என்னம்மா ஆச்சுன்னு கேளுங்க."

அழக் கூடாத ஆம்பிளை

பெண்களாவது தலையணையில் முகம் புதைத்து அழுதுவிடுகிறார்கள். ஆண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம்!

என்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிற ஒரு பையன். நான்கு அரியர். வீட்டில் இரண்டுதான் என்று சொல்லி வைத்திருக்கிறான். காலையில் வாயில் எதையும் வைக்க முடிவதில்லை, குமட்டுகிறது. மத்தியானம் கால் வயிறு. ராத்திரி பத்து மணிக்கு மேல் பசி பிடித்துக்கொள்கிறது. கையில் செல்போன், மடியில் முறுக்கு டப்பா. இரண்டு மணிக்குத் தூக்கம். ஒரு வருடத்தில் பதினோரு கிலோ ஏறியிருந்தான். அப்பா என்னிடம், "சோம்பேறித்தனம் சார், வேறொண்ணும் இல்லை" என்றார். பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இது சோம்பேறித்தனம் இல்லை. 1955-லேயே ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்கிற அமெரிக்க மருத்துவர் இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். காலையில் பசியின்மை, ராத்திரியில் அதிகத் தீனி, தூக்கமின்மை மூன்றும் ஒன்றாக வருகின்றன, மன நெருக்கடி கூடும்போது தலைதூக்குகின்றன என்றார். இதற்கு 'இரவு உண்ணும் நோய்க்குறி' என்று பெயரும் வந்துவிட்டது.

தூக்கம் கெட்டால் பசியும் கெடும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்கிற சுரப்பு 28 சதவீதம் ஏறியது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. அவர்கள் அதிகம் ஆசைப்பட்டது எதற்குத் தெரியுமா? இனிப்புக்கும் உப்புத் தீனிக்கும்! நித்திரையை அடக்காதே என்று நம் ஆட்கள் பசிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தது சும்மா இல்லை.

அந்தப் பையன் என் முன்னால் அழுதான். ஐந்து நிமிஷம் இருக்கும். நான் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவனே, "நைனாகிட்ட நாலுன்னு சொல்லிடறேன் சார்" என்றான். சொல்லியும்விட்டான். வீட்டில் இரண்டு நாள் புயல் அடித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவன் தூங்கியிருக்கிறான். அவனுக்கு நான் மூன்று மாதம் மருந்து கொடுத்தேன். மருந்தால் குறைந்தது எவ்வளவு, அந்த ஒரு வாக்கியத்தால் குறைந்தது எவ்வளவு என்று கேட்டால் தராசு வைத்துச் சொல்ல என்னால் முடியாது.

இதே ஒன்றியத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள், அதனால் ராணுவப்பேட்டை என்றே பெயர். இந்தப் பக்கத்துப் பையன்கள் ஆள் சேர்ப்புக்காக விடியற்காலையில் ரோட்டில் ஓடுவதைப் பார்க்கலாம். நல்ல விஷயம். ஆனால் ஒரு முறை தேறாவிட்டால், 'என் உடம்பு லாயக்கில்லாதது' என்று ஓர் எண்ணம் சிலர் மனசில் குடியேறிவிடுகிறது. யாரோ சொன்னார்கள் என்று டப்பா டப்பாவாகப் பவுடர், தினம் பத்து முட்டை... அதுவும் சாப்பாட்டுக் கோளாறுதான். உடம்பை வளர்ப்பதற்கும் உடம்பைத் தண்டிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதே!

மெலிய வேண்டும் என்று...

இப்போது எதிர்ப் பக்கம். "பெண் பார்க்க வர்றாங்க, ஒரே மாசத்துல எட்டுக் கிலோ குறையணும் சார்" என்று வருகிறவர்கள். சிலர் நேரடியாகவே கேட்பார்கள், "நிலாவரைச் சூரணம் தினம் சாப்பிட்டா மெலியலாமாமே?"

தப்பு! தப்பு! பேதிக்குக் கொடுக்கிற சரக்கு அது. பேதி மருந்து நான்கு மாதத்துக்கு ஒரு தரம் என்றுதான் சித்த மருத்துவ மரபு. தினமும் என்று எந்த நூலிலும் இல்லை. யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடுகிறது. நிலாவரை வேலை செய்வது பெருங்குடலில். அதனால் எடை இறங்குகிற மாதிரி தெரிவது வெறும் தண்ணீர். கொழுப்பு இம்மியும் கரையாது. கூடவே பொட்டாசியம் போகும், இதயத் துடிப்பு தடுமாறும், நாளடைவில் மருந்து இல்லாமல் குடல் அசையாது. எங்கள் தொழிலின் பெயரைச் சொல்லிக்கொண்டே 'ஸ்லிம் பவுடர்' விற்கிறவர்களும் இருக்கிறார்கள். என்ன சரக்கு என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.

பட்டினி கிடந்தால்? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் சமயம், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்கிற விஞ்ஞானி முப்பத்தாறு ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டார். அவர்களாக முன்வந்தவர்கள்தான். உடம்பு கால் பங்கு குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மனசுக்கு நடந்தது! எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். ஒரு வாய் உணவை மணிக்கணக்கில் வைத்துத் தின்றார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காமை. பட்டினி முடிந்து தாராளமாகச் சாப்பாடு கொடுத்தபோது, வயிறு முட்டியும் பசி அடங்கவில்லை என்றார்கள் பல பேர்.

ஆக, பத்து நாள் பட்டினி கிடந்த பெண் பதினொன்றாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு அரைக் கிலோ ஸ்வீட்டைத் தின்பது அவளுடைய மன உறுதியின் தோல்வி அல்ல. அடக்கிய வேகம் திரும்ப அடிக்கிறது. அவளுக்கு அது தெரியாது. 'நான் கேவலமானவள்' என்று நினைத்து அழுகிறாள், மறுநாளிலிருந்து இன்னும் கடுமையான பட்டினி. செக்குமாடு மாதிரி இதுவே சுற்றிச் சுற்றி வரும்.

மெலிய வேண்டும் என்கிற ஆசை எங்கிருந்து வருகிறது? பிஜித் தீவில் குண்டாக இருப்பதுதான் அழகு, அதுதான் குடும்பத்துக்குக் கௌரவம். அங்கே ஒரு பகுதிக்கு 1995-ல்தான் டி.வி. வந்தது. ஆன் பெக்கர் என்கிற மருத்துவர் பள்ளி மாணவிகளை அப்போதும், மூன்று வருடம் கழித்து 1998-லும் விசாரித்தார். எடை குறைய வாந்தி எடுக்கும் பழக்கம் முதலில் ஒருத்தியிடமும் இல்லை. மூன்றே வருடத்தில் 11.3 சதவீதப் பெண்கள்! அது வீட்டுக்கு ஒரு டி.வி.கூட இல்லாத ஊர். இன்றைக்கு நம் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு திரை. அதில் தன் முகத்தைப் பக்கத்து முகத்தோடு தினம் நூறு தரம் ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி வேறு.

இன்னொரு பூரி வைக்கட்டுமா?

டி.வி.யையும் செல்போனையும் மட்டும் குற்றம் சொன்னால் போதுமா? நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"என்னடி இப்படிக் குண்டாயிட்டே! அக்காவைப் பாரு, எப்படி இருக்கா!" என்று சொல்லி வாய் மூடவில்லை. "இன்னும் ரெண்டு பூரி வெச்சுக்கோ, ஆறிடும்" என்கிறோம். இதே வாய், அதே நிமிஷம்! பூரியை வேண்டாம் என்றால் அம்மா மேல் பாசம் இல்லை. தின்றால் உடம்பைப் பற்றி அக்கறை இல்லை. அந்தப் பெண் என்னதான் செய்வாள்?

சாப்பாட்டுத் தட்டு நம் வீடுகளில் விசாரணைக் கூண்டாகவும் ஆகிவிட்டது. நாள் முழுக்க அகப்படாத பிள்ளை தட்டின் முன்னால்தானே அகப்படுகிறான்! மார்க் என்னாச்சு, வேலை என்னாச்சு, அந்தக் கடன் என்னாச்சு... மூன்றாவது வாயில் தொண்டை அடைத்துக்கொள்ளும். "பசியில்லை" என்று எழுந்துவிடுவான். அந்த மிச்சப் பசிதான் பதினொன்றரை மணிக்கு ஃபிரிட்ஜைத் திறக்கிறது.

இன்னும் பின்னால் போவோமா? இரண்டு வயதில் அந்தப் பிள்ளை கீழே விழுந்து அழுதது. நாம் என்ன செய்தோம்? "அழாதே கண்ணு, இந்தா பிஸ்கட்" என்று கையில் கொடுத்தோம். ஊசி போட்டால் சாக்லேட், ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்றால் சிப்ஸ். கண்ணீர் வந்தால் வாயில் இனிப்பு என்று பாடம் சொல்லிக் கொடுத்ததே நாம்தான். இருபது வயதில் வருத்தம் வரும்போது அது அந்தப் பாடத்தைத்தான் ஒப்பிக்கிறது. அப்போது மட்டும் 'தீனிப் பண்டாரம்' என்று பட்டம் கொடுக்கிறோம்!

என்ன செய்யலாம்?

முதலில், தட்டின் முன்னால் எடை, மார்க், கல்யாணம் மூன்றையும் பேசாதீர்கள். பேச வேண்டியதுதான், சாப்பிட்டு அரை மணி கழித்துத் திண்ணையில் பேசுங்கள்.

காலைச் சாப்பாட்டை நிலைநிறுத்துவதுதான் பெரிய வேலை. ராத்திரித் தீனியை நிறுத்தச் சண்டை போடுவதைவிட இது சுலபம், பலனும் அதிகம். முதல் வாரம் ஒரு டம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். குமட்டுகிறது என்றால் ஒரு வாழைப்பழம். மூன்று, நான்கு வாரத்தில் காலையில் தானாகப் பசி எடுக்க ஆரம்பிக்கும். அது எடுத்தால் ராத்திரிப் பசி தானாக மங்கும். சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்குச் சுண்டலோ கடலையோ உள்ளே போயிருந்தால் தெருமுனைக் கடை அவ்வளவாக இழுக்காது.

எதையும் அடியோடு தடை போடாதீர்கள். ஆம்பூர்ப் பக்கம் இருந்துகொண்டு பிரியாணியே கூடாது என்றால் யார் கேட்பார்கள்? கேட்கவும் வேண்டாம். பதினைந்து நாளைக்கு ஒரு தரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் உட்கார்ந்து, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயோடு நிதானமாகச் சாப்பிடுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் இன்னும் விசேஷம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மாவட்டத்துச் சரக்கு! நடு ராத்திரியில் ஒளிந்து தின்கிற கால் பிளேட்டைவிட, வெளிச்சத்தில் சாப்பிடுகிற முழு பிளேட் நல்லது.

பிள்ளை தீனிக்குப் போகும்போது "ஏன் தின்னே?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாருக்கும் பதில் தெரியாது. "கடைசியா எப்ப சாப்பிட்டே? நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே? இன்னிக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் உண்டு. முதல் நாள் "ஒண்ணுமில்லை" என்றுதான் வரும். நாலாம் நாள் வேறு மாதிரி வரும்.

இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்

வீட்டு வைத்தியத்தில் நிற்காத நிலைமைகள் உண்டு. இரண்டு, மூன்று மாதத்துக்குள் உடம்பு மளமளவென்று வற்றுவது, மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் நிற்பது, மயங்கி விழுவது, சாப்பிட்டவுடன் பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது, விரல் முட்டியில் பல் பட்ட காய்ப்பு... கடைசியில் சொன்னது விரலை விட்டு வாந்தி எடுப்பதன் அடையாளம். தானாக வருகிற வாந்தியை அடக்காதே என்றுதான் நூல் சொல்கிறது, வரவழைக்கச் சொல்லவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். உணவு சம்பந்தமான கோளாறோடு தங்களிடம் வந்த பிள்ளைகளைப் பற்றி சி.எம்.சி. குழந்தை மனநல மருத்துவர்கள் 2007-ல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது மனக் காரணத்தால் வருகிற வாந்திதான். எத்தனை பரிசோதனை செய்தாலும் காரணம் பிடிபடாத வாந்தி இருந்தால் மனநல மருத்துவரையும் ஒரு தரம் பாருங்கள். பைத்தியம் என்று அர்த்தமில்லை!

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 'செத்துப் போயிடலாம் போலிருக்கு' என்கிற மாதிரி ஒரு வார்த்தை பிள்ளை வாயிலிருந்து வந்தால், அது சாப்பாட்டைப் பற்றிய பேச்சுக்கு நடுவில் வந்தாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக விடாதீர்கள், அன்றைக்கே அழைத்துப் போங்கள். 14416 என்கிற டெலி மானஸ் எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களும் பேசலாம்.

"அப்ப பசிக்கு மருந்தே வேண்டாமா சார்?" என்று கேட்பீர்கள். வேண்டியவர்களுக்கு உண்டு. மந்தம், வாயு, செரியாமை இருந்தால் பஞ்சதீபாக்கினிச் சூரணம் நல்ல மருந்து. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் சேர்ந்தது. ஆனால் பசியை மறைத்து வைத்திருக்கிற பிள்ளைக்குப் பசி மருந்து எதற்கு? வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அது எரிச்சலைத்தான் கூட்டும். அதனால் கடையில் கேட்டு வாங்காமல், சித்த மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு எங்களிடம் வர வேண்டாம். மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.